புது வண்டியும் ஒரு சரக்குதான்!
உள்ளும் புறமும் பேணும் முறை: நெல்லைச் சீமை வணிகர்களுக்கு ஒரு பாடம்

கடைக்கு வந்த சரக்கை நாம் எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறோம்! அரிசி மூட்டையை வெறுந்தரையில் போடுவதில்லை. கட்டை அடுக்கி அதன்மேல் ஏற்றுகிறோம். உளுந்தில் வண்டு கண்டால் உடனே வெயிலில் கொட்டிக் காய வைக்கிறோம். உப்பு மூட்டைக்குப் பக்கத்தில் எடைக்கல்லை வைப்பதில்லை. சில நூறு ரூபாய்ச் சரக்குக்கே இத்தனை பக்குவம் பார்க்கும் நாம், பல இலட்சம் கொடுத்து வாங்கிய வண்டியைக் கடை வாசலில் வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிட்டு, அழுக்கு ஏறியதும் கடைப் பையனிடம் ஒரு பழைய துணியைக் கொடுத்துத் "துடைத்து வை" என்று சொல்லிவிடுகிறோம்.

ஒரு காலத்தில் சரக்கு ஏற்ற மாட்டுவண்டியையும் வாடகை லாரியையும் நம்பியிருந்தோம். 1984இல் மாருதி ஆம்னி வந்தது. 2005இல் டாடா ஏஸ் வந்து, நம் ஊரில் 'குட்டி யானை' என்ற செல்லப் பெயரையும் பெற்றது. இன்று சிறு மளிகைக் கடைக்காரர்கூடச் சொந்தமாக ஒரு காரோ சிறு சரக்கு வண்டியோ வைத்திருக்கிறார். கடன் தவணை மூன்று முதல் ஏழு ஆண்டு வரை ஓடுகிறது. தவணை முடியும்போது வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்பது, அதை முதல் ஆண்டிலிருந்து எப்படி வைத்திருந்தோம் என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஆகவே இதை நம் முதலைக் காக்கும் கணக்காகவே பார்க்க வேண்டும்.

முதல் வாரத்தில் செய்ய வேண்டியவை

வண்டியைப் பெறும்போது பகல் வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். கீறல், நிற வேறுபாடு, கதவு இடைவெளி ஆகியவற்றைக் கையெழுத்துப் போடுமுன் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டு இலக்கம் அது தயாரான வாரம். அடுத்த இரண்டு ஆண்டு. சரக்கில் தயாரிப்புத் தேதி பார்க்கும் நமக்கு இது புதிதல்ல.

அடுத்தது பூசை. கோயில் வாசலில் வண்டியை நிறுத்திப் பூசை போடுவது நம் வழக்கம். அதை விட வேண்டியதில்லை. சந்தனம், குங்குமத்தைப் பெயிண்டின்மேல் அப்பாமல், கண்ணாடியிலோ நம்பர் பிளேட்டின் ஓரத்திலோ சிறிதாக வையுங்கள். பொட்டு நாள்கணக்கில் காய்ந்து கிடந்தால் அதன் தடம் நிற்கும். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் இருப்பதால் அது வண்டிமேல் தெறித்தால் அன்றே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவிவிட வேண்டும். கற்பூரத்தைப் பானட்டின்மேல் வைத்து ஏற்றவே கூடாது. தரையில் ஏற்றிக் காட்டினாலும் சாமி ஏற்றுக்கொள்ளும். பெயிண்ட் சூட்டில் கொப்பளித்தால் டிங்கரிங் கடையில்தான் போய் நிற்க வேண்டும்.

இருக்கைகளைச் சுற்றி வரும் பாலிதீன் உறையை "புதுசாகவே இருக்கட்டும்" என்று ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் உண்டு. அதனடியில் வியர்வை ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். முதல் வாரத்திலேயே கழற்றிவிடுங்கள். தனி உறை தைப்பதானால், இருக்கையின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று குறியிட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் அந்த இடத்தை மூடாத உறையையே வாங்க வேண்டும். டேஷ்போர்டில் பிள்ளையாரை ஒட்டுகிறவர்கள் ஏர்பேக் திறக்கும் மூடியின்மேல் ஒட்டக் கூடாது. விபத்து நேரத்தில் அந்தச் சிலை நம்மை நோக்கியே பாயும்.

முன்பக்கம் இரும்புக் குழாய்க் கம்பி பொருத்தும் பழக்கத்தையும் விட வேண்டும். 2017 டிசம்பரில் மத்திய அரசு இது கூடாதென்று மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. மோதலின்போது நடந்து செல்வோருக்கும் வண்டியில் இருப்போருக்கும் அது ஆபத்து.

கழுவும் முறை

வண்டியின் பெயிண்ட் பல அடுக்குகளாக இருந்தாலும் அதன் மொத்தக் கனம் ஒரு மில்லி மீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். அதிலும் மேலே பளபளப்பைத் தரும் கண்ணாடி போன்ற அடுக்கு அதில் பாதிகூட இராது. நம் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கேயிருந்து வீசும் காற்று கொண்டு வருவது வெறும் தூசி அல்ல, நுண்மணல். அது பெயிண்டைவிடக் கடினமானது. காய்ந்த துணியால் துடைக்கும்போது அந்த மணலையே உப்புத்தாளாக வைத்துத் தேய்க்கிறோம். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலைபோல் வட்ட வட்டக் கீறல்கள் தெரியும். அவை தினமும் துடைத்ததால் வந்தவை.

முறை இதுதான்:

1. காலையிலோ மாலையிலோ நிழலில் நிறுத்துங்கள். பானட் ஆறியிருக்க வேண்டும். சூடான தகரத்தில் சோப்பு உடனே காய்ந்து திட்டாகும்.

2. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து ஊற்றி மணலை இறக்குங்கள். இந்தக் கட்டத்தில் கை வைக்கவே கூடாது.

3. இரண்டு வாளி வேண்டும். ஒன்றில் கார் ஷாம்பு கலந்த தண்ணீர். மற்றொன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிய பிறகே ஷாம்பில் முக்க வேண்டும்.

4. மேற்கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வாருங்கள். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் தனித் துணி. அந்தத் துணி மறந்தும் கதவுக்கு வரக் கூடாது.

5. தண்ணீரைத் தானாகக் காய விடாமல் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளிகள் படியும். நாளானால் அவை கண்ணாடியிலும் ஏறிவிடும். கடைசி அலசலுக்காவது ஒரு வாளி குழாய்த் தண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் நல்லது.

6. கழுவிய பின் வண்டியை மெதுவாக ஓட்டி இரண்டு மூன்று முறை பிரேக்கை மிதித்து ஈரத்தை உலர்த்திய பிறகே சாலைக்கு எடுங்கள்.

துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் வேண்டாம். அவை பெயிண்டின்மேல் இருக்கும் மெழுகைக் கரைத்துவிடும். பளபளப்புக்காக மண்ணெண்ணெயில் துடைப்பதும் டயருக்கு டீசல் தடவுவதும் பழைய லாரிக் காலத்துப் பழக்கம். டீசல் ரப்பரை ஊறச் செய்து கெடுக்கும். வாரம் ஒரு முறை முறையாகக் கழுவி, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மெழுகு போட்டால் போதும். வாட்டர் சர்வீஸில் விடுவதானால், வேகத் தண்ணீரை எஞ்சின் வயர்களின்மேலும் ரேடியேட்டர் தகடுகளின்மேலும் நேராக அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆற்றில் இறக்கிக் கழுவுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிதான் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குடிநீர். நாம் கழுவி விடும் எண்ணெயும் சோப்பும் நம் வீட்டுக் குடத்துக்குத்தான் திரும்பி வருகிறது. வண்டிக்கும் அதனால் நன்மை இல்லை. சக்கரம் மணலில் புதையும். துணியில் ஏறும் மணல் பெயிண்டைக் கீறும்.

உப்பும் புளியும்

தூத்துக்குடி உப்பும், கமிஷன் கடைப் புளியும், கருவாடும் ஏற்றாத மளிகை வண்டி நம் வட்டாரத்தில் அரிது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அந்த உப்பு ஈரம் தகரத்தில் பட்டால் சாதாரணத் தண்ணீரைவிடப் பல மடங்கு வேகமாகத் துருப்பிடிக்கும். புளியிலும் அமிலமும் உப்பும் சேர்ந்தே இருக்கின்றன.

ஆகவே உப்பு ஏற்றுமுன் தொட்டியில் தார்ப்பாயை விரித்து, ஓரத்தை நான்கு விரற்கடை உயர்த்தி விடுங்கள். இறக்கியதும் முதலில் உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கி எடுங்கள், பிறகுதான் தண்ணீர். பெருக்காமல் தண்ணீர் ஊற்றினால், சிந்திய உப்பெல்லாம் கரைசலாகி மூலை முடுக்கில், வெல்டிங் இணைப்பில் போய்த் தங்கும். தொட்டியின் அடியிலும் கதவின் அடியிலும் உள்ள சிறு துளைகள் தண்ணீர் வடிவதற்காக விடப்பட்டவை. அவை சேற்றால் அடைபடாமல் ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். கடற்கரைப் பக்கம் போய் வந்த வண்டிக்கு அடிப்பாகத்தையும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

கார் விற்பவர்கள் பலவகைப் பூச்சுகளைச் சொல்வார்கள். உப்பு ஏற்றுகிற வண்டிக்கு அடிப்பாகப் பூச்சு உபயோகமானதே. அடிக்கும்போது அந்த வடிதுளைகளை மூடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேற்பூச்சுகள் வசதிக்குத் தக்கபடி. எதுவானாலும் கழுவும் முறை தவறினால் பயனில்லை.

பறவை எச்சமும் வேம்பின் பிசினும் வெயிலில் காய்ந்தால் பெயிண்டை அரிக்கும். கண்டவுடன் ஈரத்துணியைச் சில நிமிடம் மேலே போட்டு ஊற வைத்து ஒற்றி எடுங்கள். சுரண்டக் கூடாது.

உட்புறம்: மருந்து நம் கடையிலேயே

உட்புறக் கறைகளில் பாதிக்கு மேல் நம் சரக்கினால் வருபவைதான். அவற்றுக்கு மருந்தும் நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது.

எண்ணெய்: நல்லெண்ணெய் சிந்தினால் தேய்க்காதீர்கள், காகிதத்தால் ஒற்றி எடுங்கள். முகப் பவுடரைத் தாராளமாகத் தூவி ஒரு மணி நேரம் விட்டால் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு துடைத்தெடுத்து, சிறிது சோப்பு நுரையால் சுத்தம் செய்யலாம். மைதாவும் உறிஞ்சும்; ஆனால் மிச்சமிருந்தால் எலியையும் பூச்சியையும் அழைத்து வரும்.

கருப்பட்டி, வெல்லம், சீனி: வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி போதும். அன்றே எடுக்காவிட்டால் எறும்பு வரிசை கட்டும்.

முட்டை, பால்: குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. வெந்நீர் பட்டால் துணியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

மஞ்சள் தூள்: சோப்புப் பட்டதும் கறை சிவக்கும், பயப்பட வேண்டாம். அலசிவிட்டு வெயில் படும்படி வைத்தால் நாளடைவில் வெளுத்துவிடும்.

கருவாடு, பெருங்காய வாடை: ஒரு தட்டில் ஆப்பச் சோடாவும், துணிப்பையில் அடுப்புக்கரியும் இரவு முழுவதும் வண்டிக்குள் வையுங்கள். சென்ட் அடிப்பது வாடையை மறைக்குமே தவிரப் போக்காது. இவ்விரு சரக்கையும் மூடி போட்ட டின்னில் ஏற்றுவதே சரியான வழி.

எந்தக் கறையானாலும் தண்ணீரைக் கொஞ்சமாகப் பயன்படுத்தி, அன்றைக்கே கதவைத் திறந்து வைத்து நன்றாக உலர்த்த வேண்டும். மேட்டுக்கு அடியில் ஈரம் தங்கினால் வாடையும் துருவும் அங்கிருந்தே தொடங்கும்.

மிளகாய் வற்றலும் மாவு வகைகளும் ஏற்றும் காரில் ஏ.சி. வடிகட்டி சீக்கிரம் அடைபடும். அதைக் கழற்றித் தட்டுவது பல வண்டிகளில் ஐந்து நிமிட வேலை. டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். தூசி ஒட்டும், வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண் கூசும். ஈரத் துணியே போதும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் சென்ட் பாட்டில், ஸ்பிரே டப்பா, கேஸ் லைட்டர் ஆகிய சரக்குகளைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுப் போகவே கூடாது, சூட்டில் வெடிக்கும்.

எலி

மளிகைக் கடை வாசலில் நிற்கும் வண்டிக்கு எலித் தொல்லை சொல்லி மாளாது. சிந்திய அரிசி நாலு மணி போதும். இரவில் எலி ஏறிவிடும். ஏறிய எலி அரிசியோடு நிற்காமல் வயரையும் கடிக்கும். கடை அடைக்கும்போது வண்டியின் தரையைப் பெருக்குவது முதல் காவல். சாக்கடை ஓரத்திலும் சாக்குக் குவியல் பக்கத்திலும் நிறுத்தாமல் இருப்பது இரண்டாவது. புகையிலைக் காம்பைத் துணியில் கட்டி எஞ்சின் அறையில், சூடும் சுழலும் பாகங்களும் படாத இடத்தில் தொங்கவிடுவோரும் உண்டு. பாச்சை உருண்டையை ஆட்கள் உட்காரும் இடத்தில் போடாதீர்கள். மூடிய வண்டிக்குள் அதன் ஆவி உடலுக்குக் கெடுதல். பல நாள் ஓடாமல் நிற்கும் வண்டியில்தான் எலி கூடு கட்டும். ஆகவே வண்டியை அவ்வப்போது ஓட்டி வாருங்கள்.

வெள்ளம் தந்த பாடம்

1992 நவம்பரில் தாமிரபரணி கரை புரண்டதை மூத்த வணிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அதைவிடப் பெரிய சோதனை வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டி மீட்டர் மழை கொட்டியது. நெல்லைச் சந்திப்பு, சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பகுதிகளில் வெள்ளம் புகுந்தது. ஸ்ரீவைகுண்டம் துண்டிக்கப்பட்டது. ஏரல் கடைவீதியில் கடைகளுக்குள் தண்ணீர் ஏறிச் சரக்கு வீணாயிற்று. கடைகளோடு வண்டிகளும் மூழ்கின.

இத்தகைய வெள்ளம் வடிந்ததும் நம் கை முதலில் சாவியைத்தான் தேடும். வண்டி ஓடுமா என்று பார்க்கும் அந்த ஆசையே பெரிய நட்டத்துக்குக் காரணமாகிவிடும். எஞ்சினின் பிஸ்டன் காற்றை அழுத்தும். தண்ணீரை அழுத்த முடியாது. உள்ளே தண்ணீர் இருக்கும்போது ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். சில வேளைகளில் எஞ்சினே உடையும். கழுவித் துடைத்துச் சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினை மாற்றும் வேலையாகிவிடும். "இது வெள்ளத்தால் வந்த சேதமல்ல, நீங்கள் ஸ்டார்ட் செய்ததால் வந்தது" என்று இன்சூரன்ஸ்காரர் மறுக்கவும் இடம் கிடைக்கும்.

செய்ய வேண்டியது இதுதான். மழை எச்சரிக்கை வந்தவுடன் வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். சரக்கை மேலே ஏற்றும் அதே நேரத்தில் இதையும் செய்ய வேண்டும். மூழ்கிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். தண்ணீர் எதுவரை ஏறியது என்று தெரியும்படி நான்கு பக்கமும் படம் எடுங்கள். பாட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். உடனே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் கொடுத்துப் பதிவு எண்ணை எழுதி வையுங்கள். வண்டியைக் கட்டி இழுத்தோ தூக்கியோதான் கொண்டு போக வேண்டும். மின்சார வண்டியானால் எதையும் தொடாமல் நிறுவன ஆட்களையே வரச் சொல்லுங்கள்.

பட்டறையில் காற்று வடிகட்டி நனைந்திருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். இருக்கைகளைக் கழற்றி, தரை விரிப்பையும் அதன் அடியில் உள்ள பஞ்சையும் எடுத்து, வண்டல் காயுமுன் கழுவி உலர்த்த வேண்டும். மேலே மட்டும் துடைத்த வண்டி ஒரு மாதத்தில் நாறும். ஓராண்டில் அடித்தகரம் பொடியாகும்.

பாலிசியில் படிக்க வேண்டிய வரிகள்

மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் வெள்ளத்தில் போன நம் வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசியே வெள்ளத்துக்கு ஈடு தரும். அதிலும் எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்துக்குத் தனிக் கட்டணத்தில் 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவு உண்டு. ஆற்றங்கரை ஊர்களில் கடை வைத்திருக்கும் நாம் அதைச் சேர்த்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இன்னொன்று நம்மவர்களில் பலர் கவனிக்காதது. தனியார் கார் பாலிசியில், மாதிரிச் சரக்கும் சொந்த மூட்டை முடிச்சும் தவிர வேறு சரக்கு ஏற்றும் உபயோகம் விலக்கப்பட்டிருக்கும். வெள்ளை நம்பர் பிளேட் காரில் பின்சீட்டை மடக்கிவிட்டு அரிசி மூட்டை ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால் ஈட்டுத் தொகைக்கே வம்பு வரலாம். தினசரிச் சரக்கு ஏற்ற வேண்டியிருந்தால் அதற்கென்று பதிவான வண்டியே வேண்டும்.

கடைச் சுவரில் ஒட்டி வைக்க

தினமும்: தரையைப் பெருக்குதல், பறவை எச்சம், சிந்திய சரக்கு எடுத்தல்.

வாரம் ஒரு முறை: இரண்டு வாளி முறையில் கழுவுதல், மேட்டை எடுத்து உலர்த்துதல், டயர் காற்று பார்த்தல்.

மாதம் ஒரு முறை: வடிதுளை, ஏ.சி. வடிகட்டி, வைப்பர் ரப்பர் பார்த்தல். எஞ்சின் அறையில் எலித்தடம் தேடுதல்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை: மெழுகு போடுதல்; அடிப்பாகம் கழுவித் துரு பார்த்தல்.

ஐப்பசி பிறக்குமுன்: பாலிசித் தேதி, எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு, வண்டி நிறுத்த மேட்டு இடம் ஆகிய மூன்றையும் உறுதி செய்தல்.

ஒவ்வொரு பராமரிப்புச் செலவின் ரசீதையும் தேதியோடு ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வருடக் கணக்கு முடிக்கும்போது தணிக்கையாளருக்கு உதவும். வண்டியை விற்கும்போது வாங்குபவருக்கு நம்பிக்கை தரும். கடைப் பையன்களுக்கும் இந்த முறையை ஒரு நாள் நேரில் செய்து காட்டி, கழுவும் துணியையும் வாளியையும் தனியாக வாங்கிக் கொடுத்துவிடுங்கள். வண்டியை நாள்தோறும் கையாளப் போவது அவர்கள்தானே!